எல்லைக்கு இருபுறமும் ஓர் ஆட்டம்: சந்தோஷ் கோப்பைக்கு அணி தேர்வோருக்குச் சில யோசனைகள்

மேற்குத் தொடர்ச்சி மலை சற்றே விலகி வழிவிட்டிருக்கும் பாலக்காட்டுக் கணவாயில், இரண்டு மாநிலங்களைப் பிரிப்பதாகச் சொல்லப்பட்டாலும் உண்மையில் இரண்டு மொழிகளையும் ஒன்றோடொன்று கலந்து பழகவைத்துக்கொண்டிருக்கும் வாளையாரில், கால்பந்தாட்டத்தைப் பற்றிய பேச்சு எந்தத் திசையிலிருந்து தொடங்கினாலும் கடைசியில் ஒரே கேள்வியில் வந்து நிற்கும்: கேரளமும் தமிழ்நாடும் மோதும் நாளில் யாரை மைதானத்தில் இறக்குவது, யாரை வெளியே உட்காரவைப்பது?

இந்தக் கேள்விக்கு விடை சொல்லும் அதிகாரம் இரு மாநிலச் சங்கங்களின் தேர்வாளர்களிடமும் பயிற்சியாளர்களிடமுமே இருக்கிறது என்றாலும், அந்த விடையின் பலனை அனுபவிக்கிறவர்கள் எல்லையின் இருபுறமும் வாழும் ஜனங்கள். சித்தூர் தாலுகாவிலும் கொழிஞ்சாம்பாறையிலும் வேலந்தாவளத்திலும் வீட்டில் தமிழ் பேசி, கடைத்தெருவில் மலையாளம் பேசி வளர்ந்தவர்களுக்கு, எந்த அணி கோல் அடித்தாலும் ஒரு பக்கத்து மனம் மகிழ்ந்து மறுபக்கத்து மனம் நோகிறது. அந்த இரண்டு மனங்களையும் அறிந்தவன் என்ற உரிமையில், எந்தப் பக்கத்துத் தேர்வாளரும் எடுத்துப் பயன்படுத்தத்தக்க முறையில், அணித்தேர்வில் எதிர்ப்படும் முக்கியமான மாற்றுவழிகளை ஒப்பிட்டு, ஒவ்வொன்றிலும் என் முடிவு இன்னதென்று சொல்ல முற்படுகிறேன்.

சந்தோஷ் கோப்பை, மாநில அணிகள் மோதும், 1941-ல் தொடங்கிய போட்டி. அதில் வங்காளம் 33 முறை வென்றிருக்கிறது. கேரளம் 1973, 1992, 1993, 2002, 2004, 2018, 2022 ஆகிய ஆண்டுகளில் ஏழு முறை வென்றிருக்கிறது. தமிழ்நாடோ 2012-ல் இறுதியாட்டம் வரை சென்றும் ராணுவத்தின் சர்வீசஸ் அணியிடம் தோற்றது; கோப்பையை இதுகாறும் கைக்கொண்டதில்லை. இந்தக் கணக்கை மட்டும் பார்ப்பவர், இவ்விரண்டு அணிகளுக்கும் இடையே போட்டி என்று ஒன்று இருக்கவே முடியாது என்று எண்ணக்கூடும். ஆனால் 2019 நவம்பரில் கோழிக்கோட்டில் ஆறு கோல்களைத் திருப்பி ஒன்றும் அடிக்கமுடியாமல் வாங்கிக்கொண்ட அதே தமிழ்நாடு, 2024 டிசம்பரில் ஹைதராபாத்தில் நடந்த இறுதிச்சுற்றில் கேரளத்துக்கு எதிராக முதலில் கோல் அடித்து, ஆட்டம் முடியும் தறுவாய் வரை முன்னிலையில் நின்றது. நிஜோ கில்பர்ட் கடைசி நிமிஷங்களில் அடித்த கோலால்தான் கேரளம் 1-1 என்று தப்பியது. ஐந்தே ஆண்டுகளில் இவ்வளவு பெரிய வித்தியாசம் விளைந்ததற்குக் காரணம் பலவாக இருக்கலாமெனினும், அவற்றுள் தலையாயது இரு பக்கமும் இறக்கிய பதினொருவர் யார் என்பதே.

பெயர்ப்பட்டியலை எழுதத் தொடங்குமுன், யார் கிடைப்பார்கள் என்பதை நிச்சயப்படுத்திக்கொள்ள வேண்டும். ரயில்வேயும் ராணுவமும் தனித்தனி அணிகளாக ஆடுகின்றமையால், அவற்றில் உத்தியோகம் பார்க்கும் சிறந்த ஆட்டக்காரர்கள் சொந்த மாநிலத்துக்குக் கிடைப்பது அரிது. ஐ.எஸ்.எல். கிளப்புகளோடு ஒப்பந்தம் செய்துகொண்டவர்களும் பெரும்பாலும் அங்கேயே கட்டுண்டிருக்கிறார்கள். ஆகவே சந்தோஷ் கோப்பைக்கான தேர்வு, மாநிலத்தின் மிகச்சிறந்த பதினொருவரைப் பொறுக்குவது என்ற பேராசையோடு தொடங்கினால் ஏமாற்றத்தில் முடியும்; கிடைக்கிறவர்களைக் கொண்டு மிகச்சிறந்த ஓர் அணியைச் சமைப்பது என்ற தெளிவோடு தொடங்குவதே விவேகம்.

இனி, தேர்வாளரைப் பெரிதும் அலைக்கழிக்கும் முதற் பிரச்சினைக்கு வருவோம். ஒரே ஸ்தாபனத்தில் பல ஆண்டுகள் சேர்ந்து ஆடிப் பழகியவர்களை மொத்தமாக எடுத்து அணியின் முதுகெலும்பாக வைப்பதா, அன்றிப் பல இடங்களில் தனித்தனியே ஒளிவிடும் வீரர்களைத் திரட்டிப் புதிதாகக் கோப்பதா? இவ்விரண்டு முறைகளுக்கும் கேரளத்தின் சரித்திரத்திலேயே பிரத்யட்சமான உதாரணங்கள் இருக்கின்றன.

1973 டிசம்பரில் எர்ணாகுளம் மகாராஜாஸ் கல்லூரி மைதானத்தில் ரயில்வே அணியை 3-2 என்று வென்று கேரளம் முதன்முதலாகக் கோப்பையை ஏந்தியபோது, மூன்று கோல்களையும் அடித்தவர் தலைவர் டி.கே.எஸ். மணி. அவர் ஃபாக்ட் நிறுவனத்தைச் சேர்ந்தவர்; உபதலைவர் டி.ஏ. ஜாஃபர் களமசேரி பிரீமியர் டயர்ஸைச் சேர்ந்தவர். அதே அணியில் ஆடிய நஜீமுத்தீன் திருவனந்தபுரம் டைட்டானியத்தைச் சேர்ந்தவர். இப்படிப் பல ஆலைகளிலிருந்தும் அலுவலகங்களிலிருந்தும் வந்தவர்களை ஓர் அணியாக உருக்கி வார்த்த பயிற்சியாளர் யார் தெரியுமா? தஞ்சாவூரில் பிறந்த தமிழர், 1960 ரோம் ஒலிம்பிக்கில் பெருவுக்கு எதிராக இந்தியாவுக்காகக் கோல் அடித்த சைமன் சுந்தரராஜ். அதற்குப் பிறகு ஒலிம்பிக் கால்பந்துக்கு இந்தியா தகுதி பெறவே இல்லையாதலால், அந்தக் கோலே இன்றுவரை நம் தேசத்தின் கடைசி ஒலிம்பிக் கோலாக நிற்கிறது. கேரளத்தின் முதற் கோப்பைக்குப் பின்னால் ஒரு தமிழரின் உழைப்பு இருந்தது என்பதை எல்லையின் இருபுறத்துப் பிள்ளைகளுக்கும் நாம் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

1992-ல் நடந்ததோ வேறு வகை. அந்த ஆண்டுப் போட்டி வாளையாரைத் தாண்டினால் எட்டிவிடும் கோயம்புத்தூரில் நடந்தது; இறுதியாட்டத்தில் கோவாவை 3-0 என்று வீழ்த்திய கேரள அணிக்குத் தலைவர் வி.பி. சத்யன். அடுத்த ஆண்டு கொச்சியில் மகாராஷ்டிரத்தை 2-0 என்று வென்றபோது தலைவர் குரிகேஷ் மாத்யூ. இருவரும் கேரளக் காவல்துறை அணியில் உருவானவர்கள். அந்த அணி 1990-ல் திருச்சூரிலும் 1991-ல் கண்ணூரிலும் ஃபெடரேஷன் கோப்பையை அடுத்தடுத்து வென்று, நாட்டின் பெரிய கிளப்புகளையெல்லாம் திகைக்கவைத்த அணி. ஒருவர் பந்தை எங்கே விடுவார் என்பது மற்றவருக்கு முன்கூட்டியே தெரிந்திருக்கும் நிலைக்கு வந்துவிட்ட அவ்வணியின் ஆட்டக்காரர்கள் மாநிலச் சட்டையை அணிந்தபோது, புதிதாகக் கற்கவேண்டியது அதிகம் இருக்கவில்லை.

இரண்டு வழியிலும் கோப்பை கிடைத்திருக்கிறதே, எதைத் தேர்வது என்று கேட்டால், அதை முகாமின் நாட்களே தீர்மானிக்க வேண்டும் என்பேன். ஒரு மாதத்துக்குக் குறையாத முகாமும், முகாமின் நடுவே நல்ல அணிகளோடு பயிற்சி ஆட்டங்களும், சைமன் சுந்தரராஜைப் போலச் சொல்லைக் கேட்கவைக்கும் ஆகிருதி வாய்ந்த பயிற்சியாளரும் இருந்தால், பல இடங்களிலிருந்தும் பொறுக்கி எடுப்பது மேல். ஏனெனில் அவ்விதம் சேரும் அணியின் உச்சம் உயர்ந்தது. இரண்டு வாரத்தில் எல்லாவற்றையும் முடிக்கவேண்டிய நெருக்கடி இருந்தால், அவ்வாண்டு மாநில லீகில் நன்றாக ஆடிய ஓர் அணியின் கோல்கீப்பர், இரண்டு ஸ்டாப்பர்கள், நடுக்களத்தில் இருவர் என்று ஐந்து பேரை அப்படியே எடுத்துக்கொண்டு, மற்ற இடங்களை அவர்களைச் சுற்றி நிரப்புவதே பத்திரமானது. பின்காவலில் இருப்பவர்கள் ஒருவரையொருவர் அறியாமலிருப்பதைப் போல ஆபத்தானது வேறொன்றுமில்லை. முன்வரிசையில் ஓர் அந்நியன் இருந்தால் நாலு பந்து வீணாகும். பின்வரிசையில் ஓர் அந்நியன் இருந்தால் ஆட்டமே போய்விடும்.

இரண்டாவது பிரச்சினை, புகழுக்கும் தற்காலத் தகுதிக்கும் இடையிலானது. சென்ற ஆண்டு கோப்பை வாங்கித் தந்தவனை இவ்வாண்டு எப்படி விடுவது என்ற நன்றியுணர்ச்சி மனித சுபாவத்துக்கு அழகுதான். ஆனால் தேர்வு அறையில் அதற்கு இடமில்லை. 1966 உலகக் கோப்பையில் இங்கிலாந்தின் பயிற்சியாளர் ஆல்ஃப் ராம்சே இதே சங்கடத்தில் சிக்கினார். நாடே கொண்டாடிய ஜிம்மி கிரீவ்ஸ் காயம்பட்டு விலக, அவரிடத்துக்கு வந்த ஜெஃப் ஹர்ஸ்ட் காலிறுதியில் அர்ஜென்டினாவுக்கு எதிராகக் கோல் அடித்தார். இறுதியாட்டத்துக்குள் கிரீவ்ஸ் குணமடைந்துவிட்டார். மாற்று ஆட்டக்காரரை இறக்கும் விதியே இல்லாத காலம் அது. ஒருவரை எடுத்தால் மற்றவர் தொண்ணூறு நிமிஷமும் வெளியேதான். ராம்சே ஹர்ஸ்டையே நிறுத்தினார். ஹர்ஸ்ட் மேற்கு ஜெர்மனிக்கு எதிராக மூன்று கோல் அடித்தார்.

நம் பக்கத்தில் இதன் மறுபாடம் 2019-ல் கிடைத்தது. 2018 ஏப்ரலில் கொல்கத்தாவில் வங்காளத்தை அதன் சொந்த மண்ணிலேயே வென்று வந்த கேரளம், ஓராண்டு நிறைவதற்குள், 2019 பிப்ரவரியில் நெய்வேலியில் நடந்த தகுதிச்சுற்றில் தெலங்கானாவோடும் புதுச்சேரியோடும் கோலின்றிச் சமன்செய்து, சர்வீசஸிடம் 0-1 என்று தோற்று, மூன்று ஆட்டங்களில் ஒரு கோல்கூட அடிக்காமல் வெளியேறியது. சாம்பியன் என்ற பட்டம் ஓர் ஆட்டத்தில்கூடக் கோல் அடித்துத் தருவதில்லை. அதே ஆண்டு நவம்பரில், மேலே குறிப்பிட்ட ஆறு கோல் வெற்றி வந்தது. பத்து மாதங்களுக்குள் ஒரே மாநிலம் இவ்விரண்டு எல்லைகளையும் தொட்டது என்றால், அணியின் மதிப்பை அந்தந்தப் பருவத்தில் புதிதாக எடைபோட வேண்டும் என்பதற்கு இதைவிட வேறு சாட்சியம் வேண்டுமா? என் முடிவு இது: கடந்த எட்டு வாரங்களில் முழு ஆட்டங்கள் ஆடியிராத ஒருவரை, அவர் எவ்வளவு பிரசித்தி பெற்றவராயினும், முதற் பதினொருவரில் வைக்கலாகாது. அனுபவம் தேவையெனில் இருபத்திரண்டு பேரில் அவருக்கு ஓர் இடம் தரலாம். ஓய்வறையில் அவருடைய சொல் இளைஞர்களுக்குப் பயன்படும்.

மூன்றாவது, பாலக்காட்டிலும் மலப்புறத்திலும் தேர்வாளராக இருப்பவர் ஒருவரும் தப்பமுடியாத கேள்வி: செவன்ஸ் ஆட்டக்காரனை எடுப்பதா, வேண்டாமா? மழைக்காலம் ஓய்ந்ததும் மண்ணார்க்காட்டிலும் பட்டாம்பியிலும் செர்ப்புளசேரியிலும் மூங்கில் காலரி கட்டி, விளக்கு வெளிச்சத்தில், பக்கத்துக்கு எழுவராக ஆடப்படும் இந்த ஆட்டத்தைத் தரக்குறைவாகப் பேசுவோர் சங்கங்களில் எப்போதும் இருந்து வந்திருக்கிறார்கள். அவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. சிறிய மைதானத்தில், முதுகுக்குப் பின்னால் எதிராளியின் மூச்சு படும் நெருக்கத்தில், பந்தை ஒரே தொடுதலில் அடக்கி அடுத்த தொடுதலில் அடிக்கும் சாமர்த்தியம் செவன்ஸில் வளர்வதுபோல் வேறெங்கும் வளர்வதில்லை. ஆயிரக்கணக்கான ஜனங்கள் கோட்டுக்கு ஓரடி தள்ளி நின்று கூச்சலிடும்போது கலங்காமல் ஆடும் நெஞ்சுரமும் அங்கேதான் வாய்க்கிறது. இரு மாநிலங்களும் மோதும் ஆட்டத்துக்கு அந்த நெஞ்சுரத்தைப் போல் உதவுவது வேறென்ன?

ஆயினும் குறைகளை மறைக்கக்கூடாது. பெரிய மைதானத்தில் பந்து இல்லாத நேரத்தில் எங்கே நிற்பது, எதிரணியின் பின்காவலர்கள் வரிசையாக முன்னே நகரும்போது ஆஃப்சைடில் அகப்படாமல் எப்போது ஓடுவது, எழுபதாவது நிமிஷத்துக்குப் பிறகு கால் கனக்கும்போது வேகத்தை எவ்வாறு சிக்கனமாகச் செலவிடுவது என்பனவெல்லாம் செவன்ஸ் கற்றுக்கொடுக்காத பாடங்கள். சென்னை லீகிலோ, கோயம்புத்தூர்க் கல்லூரி மைதானங்களிலோ பதினொருவர் ஆட்டத்தில் வளர்ந்த பையனுக்கு இந்தப் பாடங்கள் இளமையிலேயே வந்துவிடுகின்றன. அவனுக்குக் குறைவது, நெருக்கடியில் சட்டென்று முடிவெடுக்கும் வேகம். ஆகவே இவ்விருவரையும் ஒரே அளவுகோலால் அளப்பது நியாயமன்று. செவன்ஸ்காரனை முகாமுக்கு அழைத்தால், அவனுடைய கால்வித்தையைப் பார்ப்பதில் நேரத்தைச் செலவிடாதீர்கள். அது இருக்கிறது என்று எடுத்துக்கொண்டு, இரண்டு முழுநீள ஆட்டங்களில் இறக்கி, கடைசி இருபது நிமிஷத்தில் மட்டும் அவனைக் கவனியுங்கள். அந்த இருபது நிமிஷத்திலும் தன் இடத்துக்குத் திரும்பி ஓடுகிறவனை எடுத்துக்கொள்ளலாம். கையை இடுப்பில் வைத்து நிற்கிறவனை, எவ்வளவு அழகாக ஆடினாலும், அடுத்த ஆண்டுக்கு என்று சொல்லி அனுப்பிவிட வேண்டும். என் அபிப்பிராயத்தில், முன்வரிசையிலும் விங்கிலும் செவன்ஸில் தேறியவர்களுக்கு முன்னுரிமை கொடுக்கலாம். நடுக்களத்தின் மையத்திலும் பின்காவலிலும் பதினொருவர் ஆட்டத்தில் வளர்ந்தவர்களே வேண்டும்.

உயரமா, வேகமா என்பது நான்காவது கேள்வி. இதற்கு விடை மைதானத்திலும் பருவத்திலும் இருக்கிறது. கணவாயை அறிந்தவர்களுக்குக் கார்த்திகை மார்கழியில் கிழக்கிலிருந்து வீசும் காற்றின் பலம் தெரியும். அந்நாட்களில் பாலக்காட்டுப் பக்கத்துத் திறந்த மைதானத்தில் ஆடுவதானால், ஓரத்திலிருந்து உயர்த்தி அடிக்கும் பந்து எங்கே போய் விழும் என்று அடித்தவனுக்கே தெரியாது. அத்தகைய இடத்தில் உயரமான ஸ்ட்ரைக்கரை நம்பி அணியமைப்பது வீண் பிரயத்தனம். தரையோடு பந்தைக் கடத்தும் குட்டையான, சுறுசுறுப்பான ஆட்டக்காரர்களே பயன்படுவார்கள். கோடையில் இதே பாலக்காட்டில் வெயில் 40 டிகிரியைத் தாண்டும். அப்போது ஆடுவதானால் விங்கர்களை இரட்டையாக வைத்துக்கொண்டு, பாதி ஆட்டத்தில் மாற்றுவதற்கு ஆயத்தமாயிருக்க வேண்டும். சுற்றிலும் உயர்ந்த காலரி கட்டிய ஸ்டேடியத்தில் காற்று அடங்கிவிடும். அங்கே கார்னரில் தலைகொடுக்கும் உயரமானவர்களின் மதிப்பு ஏறிவிடும்.

கோல்கீப்பர் விஷயத்தில் நான் பழமைவாதி. ஒத்தப்பாலத்தில் பிறந்து 1956 மெல்போர்னிலும் 1960 ரோமிலும் இந்தியாவின் ஒலிம்பிக் அணியில் இடம்பெற்ற எஸ்.எஸ். நாராயணனைத் தந்த மாவட்டத்துக்கு, அந்த இடத்தின் கௌரவத்தைப் பற்றி ஒருவரும் எடுத்துச்சொல்ல வேண்டியதில்லை. இரண்டு கோல்கீப்பர்கள் ஏறத்தாழச் சமமாக இருந்தால், பின்காவலர்களோடு அதிகம் ஆடியவரைத் தேர்க. ஆனால் ஆட்டம் நாக்அவுட்டாக இருந்தால், பெனால்டியில் யார் நிதானமாக நிற்பவர் என்பதையும் முகாமிலேயே சோதித்து எழுதிவைத்துக்கொள்ள வேண்டும். 2018 இறுதியாட்டம் 2-2 என்று முடிந்தபின், வங்காளத்தின் பெனால்டிகளுள் இரண்டைத் தடுத்துக் கேரளத்துக்குக் கோப்பையைத் தந்தவர் கோல்கீப்பர் வி. மிதுன்.

பெஞ்சில் யாரை வைப்பது என்பதைத் தேர்வாளர்கள் கடைசியில், களைத்துப்போன வேளையில், மிஞ்சியவர்களைக் கொண்டு நிரப்புவதைப் பலமுறை கேள்விப்பட்டிருக்கிறோம். இதைப்போல் பெரிய பிழை வேறில்லை. 2022 ஏப்ரல் 28 அன்று மஞ்சேரி பையநாடு ஸ்டேடியத்தில் நடந்த அரையிறுதியில், கர்நாடகம் முதலில் கோல் அடித்துக் கேரளத்தைப் பின்தள்ளியிருந்த சமயத்தில், பயிற்சியாளர் பினோ ஜார்ஜ் முப்பதாவது நிமிஷத்திலேயே ஒரு மாற்றம் செய்து டி.கே. ஜெஸினை இறக்கினார். பாதி ஆட்டம்வரைகூடப் பொறுக்காமல் அத்தனை சீக்கிரத்தில் மாற்றுவதற்குத் துணிவு வேண்டும். அந்தத் துணிவுக்கு ஆதாரமாகப் பெஞ்சில் ஆள் வேண்டும். ஜெஸின் ஐந்து கோல் அடித்தார். கேரளம் 7-3 என்று வென்று, நான்கு நாள் கழித்து வங்காளத்தைப் பெனால்டியில் வீழ்த்திக் கோப்பையையும் எடுத்துக்கொண்டது. பெஞ்சில் உட்காருகிறவர்களை முதற் பதினொருவருக்கு அடுத்த தரத்தினர் என்று எண்ணாமல், முதற் பதினொருவரிடம் இல்லாத ஏதோ ஒரு குணத்தை உடையவர்கள் என்று எண்ணித் தேர்ந்தெடுக்க வேண்டும். களத்தில் இருப்பவன் பந்தைக் காலில் வாங்கி ஆடுகிறவனாயின், பெஞ்சில் இருப்பவன் பின்காவலருக்குப் பின்னால் ஓடுகிறவனாக இருக்கட்டும்.

இருபத்திரண்டு பேரைக் கொண்டுசெல்ல இடமிருந்தால், கோல்கீப்பர் மூவர், பின்காவலர் எழுவர், நடுக்களத்தார் எழுவர், முன்வரிசையினர் ஐவர் என்பது என் கணக்கு. சிலர் முன்வரிசையில் ஆறு பேரை வைத்துப் பின்காவலில் ஒருவரைக் குறைப்பார்கள். ஒரே சுற்றில் நெருங்கிய நாட்களில் பல ஆட்டங்கள் ஆடவேண்டிய இந்தப் போட்டியில், ஒரு மஞ்சள் அட்டையும் ஒரு தசைப்பிடிப்பும் சேர்ந்தால் அந்தக் கணக்கு சிதறிவிடும்.

தலைவரைப் பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. நடுவரோடு பேசத் தெரிந்தவராகவும், தொண்ணூறு நிமிஷமும் களத்தில் நிற்பது நிச்சயமானவராகவும் இருக்க வேண்டும். இளைய பின்காவலர்கள் எவரைப் பார்த்துத் தங்கள் இடத்தைச் சரிசெய்துகொள்கிறார்களோ அவரே பெரும்பாலும் சரியான தலைவர், சத்யன் அப்படிப்பட்டவர்.

எதிராளிக்காக அணியை மாற்றுவதா, நம் ஆட்டத்தையே ஆடுவதா என்பது, இந்த எல்லை ஆட்டத்துக்கே உரிய தனிக் கேள்வி. சாதாரண லீக் ஆட்டத்தில் எதிரணியைப் பற்றி அதிகம் கவலைப்படாத பயிற்சியாளரும், எல்லைக்கு அப்பாலிருந்து வரும் அணி என்றவுடன், அவர்களுடைய விங்கரைக் கட்ட ஒரு ஆள், அவர்களுடைய நடுக்களத்தானைத் துரத்த ஒரு ஆள் என்று தம் அணியின் உருவத்தையே குலைத்துவிடுகிறார். ஓர் இடத்தில் மட்டும் மாற்றம் செய்யலாம்; இரண்டு இடங்களில் கைவைத்தால் அது நம் அணியாக இராது. இதைவிட முக்கியமானது குணம். தூண்டிவிட்டால் துள்ளுகிறவன், தள்ளியவனைத் திருப்பித் தள்ளுகிறவன், லீகில் இரண்டு சிவப்பு அட்டை வாங்கியவன் ஆகியோர் வேறெந்த ஆட்டத்துக்கும் பொருந்தலாம், இந்த ஆட்டத்துக்குப் பொருந்தார். ஜனங்களின் ஆவேசம் காலரியில் இருக்கட்டும். களத்தில் இருக்கிறவர்களுக்குக் குளிர்ந்த தலை வேண்டும். அயல்மாநிலத்தார் மீது துவேஷம் கொண்டவன் உக்கிரமாக ஆடுவான் என்று நம்பி அவனைத் தேர்வது தவறு மட்டுமன்று, அநாகரிகமும் ஆகும்.

அடுத்த சுற்றுக்கு முன்பே தகுதி பெற்றுவிட்ட நிலையில் எல்லைப் பந்தயம் வந்தால் முக்கியமானவர்களுக்கு ஓய்வு தருவதா என்ற கேள்விக்கு, 2024 ஹைதராபாத் ஆட்டம் நல்ல எடுத்துக்காட்டு. காலிறுதியை முன்பே உறுதிசெய்துகொண்டிருந்த கேரளம், பிரிவின் கடைசி ஆட்டத்தில் தமிழ்நாட்டைச் சந்தித்துச் சமனில் முடித்தது. பின்பு அரையிறுதியில் மணிப்பூரை 5-1 என்று வென்று, இறுதியாட்டத்தில் வங்காளத்திடம் கூடுதல் நிமிஷங்களில் விழுந்த ஒரே கோலால் தோற்றது. ரசிகர்களின் மனம் கோணினாலும், அத்தகைய நாளில் ஓய்வு தருவதே சரி என்பது என் கட்சி. போட்டி அணியிடம் தோற்காமலிருப்பது பெருமை. ஆனால் கோப்பைக்கு வரும் அணி கோப்பையை நோக்கித்தான் தன் கால்களைச் சேமிக்க வேண்டும்.

இவற்றையெல்லாம் சேர்த்துப் பார்க்கும்போது இரு மாநிலங்களுக்கும் ஒரே ஆலோசனை பொருந்தாது. கேரளத்துக்கு ஆட்டக்காரர்களின் பஞ்சமில்லை. அதன் அபாயம், முன்வரிசையில் திறமை மிகுந்து நடுக்களம் மெலிவது. எனவே கேரளத் தேர்வாளர் ஒரு நல்ல அணியின் பின்காவலையும் நடுக்களத்தையும் முதலில் உறுதிசெய்துகொண்டு, முன்வரிசையைக் கடைசியில் எழுதட்டும். தமிழ்நாட்டின் நிலை வேறு. அதன் திறமை சென்னையின் ஸ்தாபன அணிகளிலும், மைக்கேல் சூசைராஜைத் தந்த குமரி மாவட்டத்துத் தூத்தூர்க் கடற்கரை ஊர்களிலும், இன்னும் சில இடங்களிலும் சிதறிக்கிடக்கிறது. சேர்த்துக் கோக்கும் காலம் அதற்கு அதிகம் வேண்டும். ஆகவே தமிழ்நாட்டுச் சங்கம் முதலில் செய்யவேண்டியது முகாமை நீட்டுவது. பெயர்களைப் பற்றிய வாதம் அதற்குப் பிறகுதான். 2018-19 பருவத்தில் கோயம்புத்தூரைச் சொந்த மைதானமாகக் கொண்டு சென்னை சிட்டி அணி ஐ-லீக் பட்டத்தையே வென்று காட்டியது. நீண்ட காலம் சேர்ந்திருந்து பயின்றால் இந்த மண்ணிலும் வெற்றி விளையும்.

எல்லையோரத்துப் பிள்ளைகளைப் பற்றி ஒரு சொல் சொல்லாமல் முடிக்க எனக்கு மனம் வரவில்லை. சித்தூரிலும் கோவிந்தாபுரத்திலும் தமிழ் பேசும் வீட்டில் பிறந்து மலையாளக் கோச்சிடம் பயின்ற பையனும், மூணாறின் தேயிலைத் தோட்டங்களில், எஸ்டேட்டுகளுக்கிடையே நடக்கும் ஃபின்லே ஷீல்டு ஆட்டங்களைப் பார்த்து வளர்ந்த தொழிலாளியின் மகனும், எர்ணாகுளத்துத் தேர்வு அறைக்கும் தூரம், சென்னைத் தேர்வு அறைக்கும் தூரம். ஒரு நாள் தேர்வுக்காக மூணாறிலிருந்து கொச்சிக்கு மலையிறங்கிப் போய்வர அவனுடைய தகப்பனாருக்கு ஒரு நாள் கூலி போகிறது. அவ்வாறு போகமுடியாதவர்களுள் நல்ல ஆட்டக்காரன் ஒருவனும் இல்லை என்று எந்தத் தேர்வாளரால் உறுதி கூறமுடியும்? தமிழர் சைமன் சுந்தரராஜ் கேரளத்துக்குக் கோப்பை வாங்கித் தந்தார். தமிழ்நாட்டு இராமன் விஜயன் எஃப்.சி. கொச்சின் கிளப்பின் சட்டையில் கோல்கள் அடித்தார். கண்ணூர்க்காரரான சத்யன் பிற்காலத்தில் சென்னையில் இந்தியன் வங்கிக்காக ஆடினார். ஆட்டக்காரர்கள் எல்லையைத் தாண்டத் தயங்கவில்லை. தேர்வாளர்களும் தயங்க வேண்டாம்.

ஆகவே இரு சங்கங்களின் பொறுப்பாளர்களையும் நான் கேட்டுக்கொள்வது ஒன்றே: அடுத்த பருவத்துக்கான முதற்கட்டத் தேர்வைத் பெருநகரங்களில் மட்டும் நடத்தாமல், கேரளம் சித்தூரிலும் மூணாறிலும் அட்டப்பாடியிலும், தமிழ்நாடு பொள்ளாச்சியிலும் வால்பாறையிலும் தலா ஒரு நாள் நடத்தட்டும், அங்கே வரும் பையன்களுக்குப் பேருந்துக் கட்டணத்தையும் மதிய உணவையும் சங்கமே கொடுக்கட்டும்.